மொழி தெரியாத ஜெபத்துக்கு நான் நின்ற நாள்

போன வருடம் இடவப்பாதி என்று மலையாளத்தில் சொல்லும் பருவமழை வலுத்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நிறைந்து, அழுக்குத் தண்ணீர் அடுக்களைக்குள் ஏறிவிட்டது. என் மனைவி கிரேசி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தத் தண்ணீரைச் சட்டியில் வாரி வாரி வெளியே கொட்டினாள். அவள் குதிகாலில் எப்போதும் வெடிப்பு உண்டு. அதை அன்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் அவளுக்கு வேலை. அங்கே குடங்களுக்கு நடுவில் மயங்கி விழுந்தாள். நான் போய்ச் சேரும்போது அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் என்றார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்றால், காலில் இருக்கும் புண் வழியாக ஏறுகிற நோய். ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்றது. நுரையீரலில் இரத்தம் கசிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், தொண்டையில் குழாய் இறக்கி, இயந்திரத்தால் மூச்சு விடவைத்தார்கள்.

நான் கஷ்டம் பார்க்காதவன் இல்லை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். தூத்துக்குடியில் ஒரு ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தேன். லாரியில் கிளீனராகப் போய் பம்பாய் பார்த்தேன். சார்ஜாவில் சாரம் கட்டினேன். சாரத்திலிருந்து விழுந்து, தோள் உடைந்து திரும்பி வந்தேன். பட்டினி என்றால் பட்டினி, அவ்வளவுதான். இப்படிச் சுற்றியதில் எனக்கு மிஞ்சியது பாஷைகள். தமிழும் மலையாளமும் பிறந்த இடத்திலேயே கிடைத்தன. இந்தி, கொஞ்சம் அரபி, இலக்கணம் இல்லாத ஓர் இங்கிலீஷ் எல்லாம் வழியில் பொறுக்கியவை. ஆண்டவரை ஏற்றுக்கொண்ட பிறகு இவற்றை வைத்துத்தான் ஊழியத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். கூட்டங்களுக்குப் பாய் விரிப்பேன், மைக் கட்டுவேன், பிறகு மேடையில் ஏறிப் பிரசங்கியார் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன்.

மொழிபெயர்க்க நிற்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பிரசங்கியார் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அவர் கையை உயர்த்தினால் நாமும் உயர்த்த வேண்டும். அவர் அழுதால் நம் குரலும் உடைய வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று நடுவில் புகுந்தால் கூட்டத்தின் அனல் தணிந்துவிடும். எத்தனையோ வருடமாக நான் அப்படியே நின்று பழகியவன்.

கிரேசியின் தங்கை லீலா நாகர்கோவிலிலிருந்து துணைக்கு வந்திருந்தாள். அவளுக்கு மலையாளம் ஓடாது. டாக்டர் சின்ன வயதுப் பெண். கதவைத் திறந்து வெளியே வந்து மலையாளத்தில் சொன்னார். நான் லீலாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எங்களால ஆனதெல்லாம் செய்துட்டோம். இனி உடம்பு தானாத் திரும்பணும். மூத்திரம் வந்தாத்தான் நம்பிக்கை. இல்லேன்னா நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

லீலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், இது நீங்க சொல்லுறீங்களா, அவங்க சொல்லுறாங்களா?"

என் மனைவி பிழைப்பது கடினம் என்பதை, டாக்டராக நின்று, நானே சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சபையில் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. அடுத்த வரியை யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது. இதைச் சிரிக்கும்படியாகச் சொல்லவில்லை. மற்றவர்களுடைய ஜெபத்தை எல்லாம் மைக்கில் கணீரென்று சொன்ன வாய் இது. சொந்த மனைவிக்காகத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. பிரசங்கியார்களின் வரிகள் சில வந்தன. அவை கிரேசியைத் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் போதகர் ஞானமுத்து ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டிலிருந்து மார்த்தா என்ற சகோதரி எங்கள் ஊழியத்தைப் பார்க்க வந்திருந்தார். நாமா என்ற இனத்தைச் சேர்ந்தவர். அங்கே பள்ளி ஆசிரியை. அன்று மத்தியானம் போனக்காட்டுத் தோட்டத்து விசுவாசிகளிடம் அவர் பேசுவதாக முன்பே ஏற்பாடாகியிருந்தது. அவருடைய இங்கிலீஷைத் தமிழில் சொல்ல நான்தான் என்றும் முடிவாகியிருந்தது.

"சாலமோனே, உன்னைக் கூப்பிட எனக்கு மனசே வரல. வேற ஆள் கிடைக்கல, அதான்," என்றார் போதகர்.

நான் முடியாது என்றேன். போனக்காட்டில் செல்போனுக்கு ரேஞ்ச் கிடையாது. இங்கே ஏதாவது ஆகிவிட்டால் எனக்குச் சேதி சொல்ல வழியே இல்லை.

லீலாதான் விரட்டினாள். "கூட நிக்க ஒரு பைஸ்டாண்டர் போதும்னு நர்ஸம்மா கறாராச் சொல்லியாச்சு. நீங்க இங்க நின்னு சுவத்தைப் பாத்து என்ன செய்யப் போறீங்க? நாளைக்கு அக்கா எந்திரிச்சா, அவ பேரைச் சொல்லிக் கர்த்தரோட வேலையை ஏன் விட்டீங்கன்னு உங்களைத்தான் ஏசுவா. போயிட்டு வாங்க."

ஜீப்பில் போனோம். போதகர் என் நிலைமையை மார்த்தா சகோதரியிடம் சொல்லியிருந்தார் போல. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. உன் மனைவியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதன் பிறகு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வித்துரா சந்தை தாண்டியதும் செல்போனில் கோடுகள் குறைந்தன. காட்டுச் செக்போஸ்டில் கடைசிக் கோடும் போனது. அந்தக் கணத்தில் வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தோட்டத்துச் சபை தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். கொழுந்து கிள்ளிவிட்டு நனைந்தபடி வந்த பெண்கள்தான் பெரும்பாலும். எல்லோரும் என்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள். மார்த்தா சகோதரி முதலில் தன் மொழியில் வாழ்த்துச் சொன்னார். அந்த மொழியில் சொல்லுக்கு நடுவே நாக்கை மேலே ஒட்டிச் சொடுக்குகிறார்கள்.

முன் வரிசையில் இருந்த தங்கம்மா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "எடா சாலமோனே, இது பாஷையா, பல்லி சொல்லுதா?"

கூட்டம் சிரித்தது. என்ன என்று மார்த்தா சகோதரி கேட்டார். மறைக்காமல் சொன்னேன். எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். தங்கம்மா அக்காவைப் பார்த்து இன்னொரு தடவை சொடுக்கிக் காட்டினார்.

பிறகு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். நான் தமிழில் சொன்னேன். "என் கொள்ளுத்தாத்தா பெயர் பெத்ருஸ்."

"உன் கொள்ளுத்தாத்தா கருப்பையா அல்லே? எப்போ பெத்ருஸ் ஆனாரு?"

"அக்கா, நான் சகோதரிக்காகப் பேசுறேன்."

"செரி, செரி. நீ பேசு."

மார்த்தா சகோதரி சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். நூறு வருடத்துக்கும் முன்னால் அந்த நாட்டை ஜெர்மானியர் ஆண்டார்கள். பெத்ருஸ் அங்கே மிஷன் உதவியாளர். மிஷனரியின் மாட்டு வண்டிக்கு முன்னால் நடந்து வழி காட்டினார். ஆலயமணி அடித்தார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மிஷனரியின் பக்கத்தில் நின்று ஜெர்மன் பிரசங்கத்தை நாமா மொழியில் சொன்னார். ஜனங்களுக்கு அவர் குரல்மேல் நம்பிக்கை இருந்ததால் ஜெர்மன் அதிகாரிகளும் அவரைக் கூப்பிட்டார்கள். நிலத்தைப் பற்றி, மேய்ச்சலைப் பற்றி எந்த உத்தரவு வந்தாலும் அவர் வாய் வழியாகவே வந்தது. அவரும் என்னைப் போலத்தான். அதிகாரி "நான்" என்றால் இவரும் "நான்" என்பார்.

பிறகு சண்டை மூண்டது. நாமா ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் குதிரையும் தோட்டாவும் தீர்ந்து, குன்றுகளில் பசியோடு ஒளிந்து கிடந்தார்கள். ஒரு குன்றின் அடியில் பெத்ருஸைக் கொண்டுவந்து நிறுத்தி ஓர் அதிகாரி பேசினார். பெத்ருஸ் மேலே பார்த்துத் தன் மொழியில் கூவினார்: "துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்கி வாருங்கள். உங்கள் உயிருக்கு நான் பொறுப்பு."

ஜனங்கள் இறங்கி வந்தார்கள். அதிகாரியை அவர்கள் நம்பவில்லை. பெத்ருஸின் குரலை நம்பினார்கள்.

வந்தவர்களைக் கடலில் காற்றடிக்கும் ஒரு பாறைத் தீவில் அடைத்தார்கள். பெத்ருஸையும் அவர் மனைவி மக்களையும்கூட விடவில்லை, அவரும் நாமாதானே. குளிரிலும் பசியிலும் நோயிலும் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் அவரோடு பேசவில்லை. ஒரு தாய் மட்டும், செத்த பிள்ளையைக் கந்தையில் சுற்றிக்கொண்டே, அவரைப் பார்த்துக் கேட்டாளாம்: "பொறுப்பு என்று நீதானே சொன்னாய்?"

இதைத் தமிழில் சொல்லும்போது லீலா என் சட்டையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. தங்கம்மா அக்கா தலையில் போட்டிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். "நம்ம ஆளுகளையும் கங்காணிமார் இப்படித்தானே, நான் இருக்கேன் வான்னு மலைக்குக் கூட்டிட்டு வந்தாங்க," என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷனரி அந்தத் தீவுக்குப் பிரசங்கிக்க வந்தார். பெத்ருஸை வழக்கம்போல் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பெத்ருஸ் நின்றார், ஆனால் மொழிபெயர்க்கவில்லை. பாறையில் முழங்கால் போட்டுத் தன் மொழியில் சத்தமாக ஜெபித்தார்.

"அந்த ஜெபத்தை எங்கள் வீட்டில் வாய்வழியாகக் காத்து வைத்திருக்கிறோம். அதன் பிறகு அவர் வீட்டாருக்கு என்ன நடந்தது என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் அதை ஜெபிக்கிறேன்," என்றார் மார்த்தா சகோதரி. கண்ணை மூடினார். நாமா மொழியில் ஒரு வரி சொன்னார். வரிக்கு வரி நான் மொழிபெயர்க்கப் பேசிப் பழகிவிட்டதால், வரி முடிந்ததும் நிறுத்தினார்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். போதகரும் கண்ணை மூடியபடியே என் பக்கம் கையை அசைத்தார், சொல்லு என்று. அவருக்கும் அது பழக்கம். அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் என் வாய் திறந்துவிடும்.

"ஆண்டவரே," என்றேன்.

அவர் அடுத்த வரியைச் சொன்னார்.

"இந்த வாயை ஊருக்கெல்லாம் கொடுத்துட்டேன். உமக்கு முன்னால என் சொந்தச் சொல்லுன்னு ஒண்ணுமே இல்ல," என்றேன்.

அவர் அடுத்த வரியைச் சொன்னார். சொடுக்கும் ஒலி தகரத்தில் விழும் மழைக்கு நடுவே தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். எனக்கு ஒருத்தியை மிச்சம் வையும். கிரேசியை எனக்கு மிச்சம் வையும்."

அந்தப் பெயர் வெளியே வந்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். மார்த்தா சகோதரி நிறுத்தியிருந்தார். கிரேசி என்ற ஒரு சொல் அவருக்குப் புரிந்திருந்தது. என் தோளில் கை வைத்தார். மேலே சொல்லாமல் எனக்கு இடம் விட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் "ஆமென்" என்றாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அதன் பிறகு என்னை என்னால் நிறுத்த முடியவில்லை. அழகாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. அவளுக்கு மூத்திரம் வரவையும் ஆண்டவரே என்று கத்தினேன். அவள் தொண்டைக் குழாயைப் பிடுங்கிப் போடும் என்றேன். அவள் இல்லாமல் எனக்கு எந்த ஊரும் ஊரில்லை என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் எடுத்துக் கொடுக்காமல் ஜெபித்தேன்.

முடிந்ததும் வெட்கமாக இருந்தது. "ஐயா, நான் மொழிபெயர்க்கல. எனக்கு அந்தப் பாஷை தெரியாது," என்று போதகரிடம் சொன்னேன்.

தங்கம்மா அக்கா முந்திக்கொண்டாள். "அது எங்களுக்கு மனசிலாச்சு. ஆப்பிரிக்காக்காரர் ஜெபத்துல கிரேசி எப்படிடா வருவா? நீ உக்காரு, கட்டஞ்சாயா குடி."

நான் உட்காரவில்லை. மார்த்தா சகோதரியிடம், என் இங்கிலீஷில், நான் சொந்தமாகத்தான் பேசினேன் என்று ஒப்புக்கொண்டு, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஜெபத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். என் வாயை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உம்மிடம் கொண்டுவர எனக்குச் சொந்தச் சொல் இல்லை. எல்லாரையும் எடுத்துக்கொள்ளாதேயும், எனக்கு ஒரு ஆளை மிச்சம் வையும்.

நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். என் கையில் மயிர் எழுந்து நின்றது. கூட்டத்துக்குத் தமிழில் சொன்னேன்.

சாகக் கிடக்கிற மனைவி உள்ளவன் எவனும் அதைத்தான் கேட்பான் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். நானே அப்படி யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் இதைத்தான் கேட்கிறேன். எங்கோ ஒரு கடல் பாறையில் வாயடைத்துப் போன ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்டதை, நூறு வருடம் கழித்து, வாயடைத்துப் போன இன்னொருவன் கேட்கும்படி யார் கூட்டிவந்தது?

பெத்ருஸின் மனைவி அந்தத் தீவில் இறந்தார். ஆண்பிள்ளைகளும் இறந்தார்கள். நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தை மட்டும் அவருக்கு மிஞ்சியது. அதை மார்த்தா சகோதரி சொல்ல, நான் முறைப்படி தமிழில் சொன்னேன்: "அந்தப் பெண்ணின் பேத்தி நான்." மீசை வைத்த ஆண் அப்படிச் சொன்னதற்கு அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

இறங்கி வரும்போது செல்போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். வித்துரா நெருங்கியதும் அது துடிக்கத் தொடங்கியது. எல்லாம் லீலா கூப்பிட்டுக் கிடைக்காமல் போனவை. சந்தையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி மழையில் நின்று கூப்பிட்டேன். லீலா அழுதாள். ஒன்றும் புரியவில்லை. "என்னட்டி, சொல்லு," என்று கத்தினேன்.

"மூத்திரம் வந்துட்டு அத்தான்! டாக்டரம்மா சிரிச்சாங்க! பை நிறைய வந்துட்டு!"

"மூத்திரம் வந்துருச்சு!" என்று நான் ஜீப்பைப் பார்த்துக் கத்தினேன். மரச்சீனிக் கிழங்கு விற்கிறவன், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் நடுச் சந்தையில் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் என்றார். எந்த நேரத்தில் வந்தது என்று நான் லீலாவிடம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், நாங்கள் ஜெபித்த நேரத்தோடு பொருத்திப் பார்க்க ஆசை வரும். மலையிலிருந்து நான் இறங்குவதற்குள் வந்தது, அது போதும்.

குழாயை எடுக்க இன்னும் சில நாள் ஆயிற்று. எடுத்ததும் கிரேசி கரகரத்த தொண்டையில் கேட்ட முதல் கேள்வி, "கடையில குடம் நசுங்கிச்சா?" நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அவளுக்கு அடுத்த கட்டிலில் அதே நோயோடு ஒரு பெண் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அவர் பிழைக்கவில்லை. அவர் கணவரும் என்னைப் போல் அழுதுதான் ஜெபித்தார், நான் பார்த்தேன். இதை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னால் அது பாதிச் சாட்சி. மார்த்தா சகோதரி ஊருக்குத் திரும்பும் முன் இதைத்தான் அவரிடம் கேட்டேன். ஒருவரை மிச்சம் வைத்தவர் மற்றவர்களை ஏன் வைக்கவில்லை? அவர் சொன்னார்: "எங்கள் வீட்டில் இன்றைக்கும் கேட்கிறோம். பதில் வரவில்லை. ஜெபத்தையும் நாங்கள் விடவில்லை."

அதன் பிறகு என்னில் ஒன்று மாறியது. ஒரு கூட்டத்தில் ஒரு பிரசங்கியார், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மனிதரைப் பார்த்து, "நான் சொல்கிறேன், நீ இன்றே நடப்பாய்," என்றார். நான் "ஐயா சொல்கிறார், நீங்கள் இன்றே நடப்பீர்களாம்," என்று மொழிபெயர்த்தேன். கூட்டம் முடிந்ததும் அவர் கோபப்பட்டார். "எந்தா பிரதரே இது? எல்லாம் தணுத்துப் போயல்லோ," என்றார். கூட்டத்தின் அனல் ஆறிவிட்டதாம். அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. இன்னும் சிலரும் கூப்பிடுவதில்லை. பெத்ருஸின் வாயில் வைக்கப்பட்ட வாக்கை நான் என் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி கொடுக்க முடியாததை "நான்" என்று சொல்ல எனக்குப் பயம். பிரசங்கத்தை மொழிபெயர்க்கிறேன். வாக்குறுதியைச் சொன்னவர் கணக்கிலேயே வைக்கிறேன்.

ஓர் இடத்தில் காலூன்றாத என்னை ஆண்டவர் இப்போது ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். மத்தியான வேளைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, மலையாளம் தெரியாமல் தவிக்கும் தமிழ்ச் சனங்களுக்கு டாக்டர் சொல்வதைச் சொல்லிக் கொடுக்கிறேன். "டாக்டர் சொல்லுறாங்க" என்று ஆரம்பித்துத்தான் சொல்கிறேன்.

அன்பான விசுவாசிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி ஒரு கதவுக்கு உள்ளே கிடக்கலாம். என் கிரேசி பிழைத்ததுபோல் அவரும் பிழைப்பார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நான் கேட்டேன், ஆண்டவர் கேட்டார். இதை மட்டும் அறிவேன். ஜெபிக்கத் தெரியவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். அந்த ஆளின் பெயர் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதைச் சொல்லி ஆரம்பியுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் அந்தக் கதவுக்கு வெளியே வாருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். பேச மாட்டேன். நீங்கள் முடித்த பிறகு ஆமென் சொல்வேன்.